முதல் சீசனில் ஜெயித்தால் போதுமா?

2014 ஏப்ரல் 21 அன்று கோவாவின் ஃபதோர்தா மைதானத்தில் டெம்போ அணியை 4-2 என்று வென்று, தேசிய லீகான ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது பெங்களூரு எஃப்சி. டெம்போ சாதாரண அணியல்ல. ஐந்து முறை தேசிய சாம்பியன். வென்ற கிளப்போ பிறந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. முதல் சீசனிலேயே கோப்பை என்பது அதுவரை இந்தியக் கால்பந்தில் யாரும் துணிந்து சொல்லாத ஆசை. அன்று முதல் அதுவே ஓர் அளவுகோலாகிவிட்டது. புதிதாக ஒரு கிளப் வந்தால், “முதல் வருஷம் எத்தனையாவது இடம்?” என்றுதான் கேட்கிறோம். பத்திரிகைகளும் அதையே கேட்கின்றன, பணம் போடுபவர்களும் அதையே கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே என் எண்ணம். பெங்களூருக்குப் பின் ஐந்தாறு ஆண்டுகளில் தேசிய லீகில் புதிதாக நுழைந்த கிளப்புகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். முதல் சீசனில் மூன்றாம் இடம் பிடித்த அணி அடுத்த சீசனில் இல்லை. முதல் சீசனில் தரமிறக்கப்பட்ட அணி மறு சீசனில் சாம்பியன். கடைசிக்கு முந்தைய இடத்தில் முடித்த அணியின் வாரிசு இன்று நாட்டின் முதல்நிலை லீகான ஐஎஸ்எல்லில் ஆடுகிறது. பட்டியலில் பெற்ற இடத்துக்கும் கிளப்பின் ஆயுளுக்கும் நேரான தொடர்பு எதுவும் தென்படவில்லை.

தேசிய லீகில் நுழைய அப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பழைய வழி: இரண்டாம் டிவிஷனில் ஆடி, ஜெயித்து, மேலே ஏறி வருவது. மற்றொன்று நேரடி நுழைவு. ஒரு நிறுவனமோ தனிநபரோ அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்திடம் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, நேரே முதல் டிவிஷனில் வந்து உட்காரலாம். இப்படி வந்தவர்களுக்குத் தொடக்க ஆண்டுகளில் தரமிறக்கத்திலிருந்து விலக்கும் கிடைத்தது. சம்மேளனத்துக்கு இந்த வழி தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. மஹிந்திரா யுனைடெட் 2010இல் மூடப்பட்டது. முதல் தேசிய லீகின் சாம்பியனான பஞ்சாபின் ஜேசிடி 2011இல் மூடப்பட்டது. லீகில் ஆட அணிகளே குறைந்துகொண்டிருந்த நேரம் அது. பணமும் புதிய ஊர்களும் வேண்டியிருந்தன.

அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் பெங்களூரு எஃப்சி. ஜேஎஸ்டபிள்யூ குழுமம் 2013இல் அதைத் தொடங்கியது. பயிற்சியாளராக வந்த ஆஷ்லி வெஸ்ட்வுட் மான்செஸ்டர் யுனைடெட்டின் இளையோர் பள்ளியில் வளர்ந்தவர். அணித்தலைவர் சுனில் சேத்ரி. தற்காப்பில் ஜான் ஜான்சன், கர்டிஸ் ஒசானோ. முன்வரிசையில் ஷான் ரூனி. செப்டம்பர் 22 அன்று முதல் ஆட்டத்தில் மோகன் பகானுடன் 1-1 டிரா. கிளப்பின் முதல் கோலை அடித்தவர் ரூனி. 13 அணிகள் ஆடிய அந்த லீகில் 24 ஆட்டங்களில் 47 புள்ளிகள் எடுத்தது. சேத்ரி மட்டும் 14 கோல் அடித்தார்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது அந்த மைதானம். அசோக் நகரில் இருந்த பெங்களூர் கால்பந்து மைதானம் பெரியதல்ல. பத்தாயிரம் பேர் கூடக் கொள்ளாது. செயற்கைப் புல் தரை. ஆனால் நகரத்தின் நடுவே, வேலை முடிந்து நடந்தே போய்ச் சேரக்கூடிய இடத்தில் இருந்தது. சிறிய மைதானம் என்பதால் சில ஆயிரம் பேர் வந்தாலே நிரம்பியது போலிருக்கும். கத்தினால் கோல்கீப்பர் காதில் விழும். அதன் மேற்குப் பகுதியில் கூடிய இளைஞர்கள் ‘வெஸ்ட் பிளாக் புளூஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, தொண்ணூறு நிமிடமும் நின்றபடியே பாடினார்கள். ஹெச்ஏஎல், ஐடிஐ போன்ற தொழிற்சாலை அணிகளின் ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய ஊர் அது. ஹெச்ஏஎல் அணி தேசிய லீகிலிருந்து இறங்கிச் சில காலமே ஆகியிருந்தது. பார்க்க ஆள் இருந்தார்கள், ஆதரிக்க அணி இல்லை. அந்த வெற்றிடத்தில் பெங்களூரு எஃப்சி வந்து சரியாக உட்கார்ந்தது.

கோப்பைக்குப் பிறகு அந்தக் கிளப் என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015-16இல் இரண்டாம் முறை ஐ-லீக். 2016 நவம்பரில் தோஹாவில் நடந்த ஏஎஃப்சி கோப்பையின் இறுதியாட்டம். ஈராக்கின் அல்-குவா அல்-ஜாவியாவிடம் 1-0 என்று தோற்றாலும், அந்தக் கட்டத்தை எட்டிய முதல் இந்தியக் கிளப் அதுதான். பின் ஐஎஸ்எல்லுக்கு மாறி, 2018-19இல் அங்கும் பட்டம். முதல் ஆண்டின் வெற்றி தற்செயலல்ல என்று நிரூபித்தவை அடுத்த ஐந்து ஆண்டுகள். இளையோர் அணிகளுக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கும் கிளப் தொடர்ந்து செலவழித்தது. ஆனால் பின்னால் வந்த பலர் பார்த்தது ஃபதோர்தாவின் அந்த ஒரு மாலையை மட்டுந்தான்.

புனேயில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கல்யாணி குழுமத்தின் பாரத் எஃப்சி 2014-15 சீசனில் நேரடி நுழைவில் வந்து கடைசி இடத்தில் முடித்தது. விலக்கு இருந்ததால் இறங்கவில்லை. அதற்குப் பதிலாக, பட்டியலில் அதற்கு மேலே இருந்த டெம்போ இறங்க நேர்ந்தது. ஐந்து பட்டம் வென்ற கிளப் இரண்டாம் டிவிஷனுக்குப் போனது. காப்பாற்றப்பட்ட புதிய கிளப் அந்த ஒரே சீசனோடு மூடப்பட்டது. இதைவிடக் கசப்பான கணக்கு இந்திய லீக் வரலாற்றில் அரிது. மறு ஆண்டே அதே ஊரின் டிஎஸ்கே சிவாஜியன்ஸ் அதே வழியில் வந்து, அதுவும் கடைசியில் முடித்து, விலக்கால் தப்பியது. அப்போது இறங்கியது மிசோரமின் ஐஸ்வால் எஃப்சி. சிவாஜியன்ஸும் 2017க்குப் பிறகு லீகில் இல்லை.

ஐஸ்வாலின் கதை திரும்பத் திரும்பச் சொல்லத் தகுந்தது. அதற்கு 2015-16 தான் முதல் சீசன். கீழிருந்து ஏறி வந்த அணி, எட்டாம் இடத்தில் முடித்து இறக்கப்பட்டது. கோவாவின் கிளப்புகள் லீகிலிருந்து விலகியதால் இடம் காலியாகி, அதற்கு மறுவாய்ப்புக் கிடைத்தது. பயிற்சியாளராக காலித் ஜமீல் வந்தார். 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் லஜோங்குடன் 1-1 டிரா செய்து, மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து, ஐஸ்வால் இந்தியாவின் சாம்பியன் ஆனது. எந்தக் குழுமமும் பின்னால் இல்லை. மிசோரமில் 2012 முதல் ஒழுங்காக நடந்துவந்த உள்ளூர் லீக் இருந்தது. அதில் உருவான பையன்கள் இருந்தார்கள். முதல் சீசனின் தோல்வியை ஊர் தாங்கிக்கொண்டது, ஏனென்றால் அது ஊரின் அணி.

நம் ஊருக்கு வருவோம். 1996இல் தேசிய லீக் தொடங்கியபோது சென்னையிலிருந்து ஆடியது இந்தியன் வங்கி அணி. வங்கியில் வேலை, மாலையில் பயிற்சி என்று அமைந்த துறை அணி அது. அது இறங்கிய பிறகு, ஐ-லீக் என்ற பெயரில் லீக் புதிதாக அமைந்து பல ஆண்டுகள் ஆகியும் தமிழ்நாட்டின் பெயர் அதில் இல்லை. ஐஎஸ்எல்லில் 2014இலேயே சென்னையின் எஃப்சி வந்துவிட்டது. மார்கோ மட்டெரஸி பயிற்சியாளராகவும் வீரராகவும் இருந்த அந்த அணி, முதல் சீசனிலேயே லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது. ஆனால் அது அப்போது தனிப் போட்டி. இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும்.

ஐ-லீகின் கதவைத் தட்டியது சென்னை சிட்டி எஃப்சி. 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பாகத் தொடங்கி, சென்னை லீகில் பல பத்தாண்டுகள் ஆடிவந்த கிளப்பின் புது உருவம் அது. உரிமையாளர் ரோகித் ரமேஷ். 2016-17 சீசனுக்கு நேரடி நுழைவு கிடைத்தது, லீக் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது. வெளிநாட்டு வீரர்களை நிதானமாகத் தேட நேரமில்லை. சீசன் நடுவிலேயே பயிற்சியாளர் ராபின் சார்லஸ் ராஜா விலக, வி. சௌந்தரராஜன் பொறுப்பேற்றார். பத்து அணிகளில் எட்டாம் இடம். அளவுகோலின்படி பார்த்தால் இது தோல்விச் சீசன்.

நான் அப்படிப் பார்க்கவில்லை. குமரி மாவட்டத்தின் கடலோரக் கிராமங்களில், தூத்தூர் பக்கத்திலும் இரவிபுத்தன்துறையிலும், கடற்கரை மணலில் பந்தாடி வளரும் பிள்ளைகள் எத்தனையோ தலைமுறைகளாக இருக்கிறார்கள். சென்னையில் வியாசர்பாடி இருக்கிறது. இவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள் என்று எல்லோருக்கும் தெரியும்; ஆனால் தேசிய லீகில் ஆட வேண்டுமென்றால் கொல்கத்தாவுக்கோ கோவாவுக்கோ போக வேண்டியிருந்தது. சென்னை சிட்டி அந்த வழியைச் சுருக்கியது. மைக்கேல் சூசைராஜ், எட்வின் சிட்னி வான்ஸ்பால், நந்தகுமார் சேகர் போன்றவர்கள் அந்தச் சட்டையில்தான் நாட்டின் கண்ணில் பட்டார்கள். பின்னாளில் ஐஎஸ்எல் கிளப்புகள் அவர்களைத் தேடி வந்தன. எட்டாம் இடத்தில் முடித்த அந்தச் சீசன் தந்த பலன் இது. புள்ளிப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

பிறகு கிளப் கோயம்புத்தூர் நேரு மைதானத்துக்கு மாறியது. சென்னையில் ஐஎஸ்எல் அணியின் நிழலில் நிற்பதைவிட, சொந்த அணி என்று ஒன்றுமில்லாத ஊருக்குப் போனது நல்ல முடிவு. இரண்டாம் சீசனிலும் பட்டியலின் அடிப்பகுதிதான். ஆனால் சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், பந்தைக் காலில் வைத்து, குறும்பாஸ்களாக நகர்த்தும் ஆட்டத்தைப் பொறுமையாகக் கட்டினார். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்யோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் என்று ஸ்பெயினின் கீழ்மட்ட லீகுகளில் ஆடியவர்களைக் கொண்டுவந்தார்கள். பெரிய பெயர்கள் இல்லை, பெரிய சம்பளமும் தேவைப்படவில்லை. மூன்றாம் சீசனில், 2018-19இல், மான்சி 21 கோல் அடித்தார்.

2019 மார்ச் 9, கடைசி நாள் ஆட்டம். எதிரே நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே டிரா ஆனால்கூட, அங்கே அவர்கள் ஜெயித்தால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். இடைவேளை வரை கோவையின் கேலரி தவித்தது. இரண்டாம் பாதியில் பெனால்டியில் மான்சி சமன் செய்தார். பிறகு அசாம்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்தும் பயனில்லாமல் போயிற்று. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டுக்கு முதல் முறையாகத் தேசிய லீக் பட்டம் வந்தது. அந்தச் சீசனில்தான் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் இந்தக் கிளப்பில் 26 சதவீதப் பங்கை வாங்கியது.

இவ்வளவு இருந்தும், 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது சென்னை சிட்டி அதில் இல்லை. பட்டம் வென்று மூன்று ஆண்டுகூட நிரம்பவில்லை. இடையில் கொரோனா வந்தது. சொந்த மைதானத்தில் ஆட முடியாமல், எல்லா ஆட்டமும் வங்காளத்திலேயே நடந்தது. நல்ல வீரர்கள் ஒவ்வொருவராகப் பெரிய கிளப்புகளுக்குப் போனார்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள காரணம் வேறு: சாம்பியனான கிளப்புக்கு மேலே ஏறிச் செல்ல அப்போது வழி இருக்கவில்லை. 2019இல் சம்மேளனம் ஐஎஸ்எல்லை நாட்டின் முதல் லீகாக அறிவித்துவிட்டது. ஐ-லீகை வென்றவர்கள் அப்போது அங்கே போக முடியாது. பல கோடி கட்டி இடம் வாங்கினால்தான் உண்டு. ஒளிபரப்பு வருமானம் கிடையாது. டிக்கெட் விற்றுச் சம்பளம் கொடுக்க முடியாது. கோவையிலிருந்து ஐஸ்வாலுக்கும் ஸ்ரீநகருக்கும் ஒரு குழுவையே விமானத்தில் அனுப்ப வேண்டும். வெற்றிக்குப் பலன் இல்லாத இடத்தில் ஒரு தனி உரிமையாளர் எத்தனை ஆண்டு பணம் போடுவார்? கிளப்பின் நிர்வாகத்தைக் குறை சொல்பவர்கள் இந்தக் கேள்வியையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஷில்லாங்கின் ராயல் வாகிங்டோ இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லியிருந்தது. 2014-15இல் முதல் சீசனிலேயே மூன்றாம் இடம். சீசன் முடிந்ததும் லீகை விட்டே விலகிவிட்டது. மணிப்பூரின் நெரோகா 2017-18இல் ஏறி வந்த கையோடு இரண்டாம் இடம் பிடித்தது. பின்னர் மணிப்பூர் கலவரத்தால் இம்பாலில் ஆட முடியாமல் போய், 2023-24இல் தரமிறங்கியது. ரியல் காஷ்மீர் 2018-19இல் முதல் ஆட்டத்திலேயே சாம்பியன் மினர்வாவை அதன் ஊரில் வென்று, மூன்றாம் இடத்தில் முடித்தது. 2014 வெள்ளத்துக்குப் பின் ஸ்ரீநகர் இளைஞர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தொடங்கிய முயற்சி அது. புல்வாமா தாக்குதலுக்குப் பின் மினர்வா அங்கே வந்து ஆட மறுத்தது. ஈஸ்ட் பெங்காலுடனான ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது. சொந்த ஊரில் ஆடுவது என்பது ஒரு கிளப்புக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த இரண்டு அணிகளின் ரசிகர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இனி நம்பிக்கை தரும் இரண்டு பெயர்கள். சென்னை சிட்டியோடு சேர்ந்து நுழைந்த மினர்வா பஞ்சாப், முதல் சீசனில் ஒன்பதாம் இடம். மறு சீசனில் சாம்பியன். உரிமையாளர் மாறினார், பெயர் ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் ஆனது. கடைசியில் சம்மேளனம் ஐஎஸ்எல்லுக்கு ஏறும் வழியைத் திறந்தபோது, 2022-23 ஐ-லீகை வென்று முதன்முதலாக ஏறிப் போன அணி அதுதான். வழி சில ஆண்டு முன்பே திறந்திருந்தால் கோவையின் கதையும் மாறியிருக்கலாம் என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது.

மற்றொன்று கோகுலம் கேரளா. கேரளத்தில் எஃப்சி கொச்சின், விவா கேரளா என்று எழும்பிய கிளப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்ட பிறகு, 2017இல் தொடங்கியது இது. முதல் சீசனில் ஏழாம் இடம். ஆனால் கோழிக்கோட்டைத் தன் ஊராகவே வைத்துக்கொண்டது. பெண்கள் அணி ஒன்றையும் சேர்த்தே வளர்த்தது, அது 2020இல் இந்தியப் பெண்கள் லீகை வென்றது. ஆண்கள் அணி 2020-21, 2021-22 என்று தொடர்ந்து இரண்டு முறை ஐ-லீக் பட்டம் வென்றது. ஐ-லீகில் அதுவரை எந்த அணியும் பட்டத்தைத் தக்கவைத்ததில்லை. ஏழாம் இடத்திலிருந்து இது ஒரே நாளில் வந்ததல்ல. நான்கு சீசன் பொறுமை.

எவ்வளவு நன்றாக நடத்தினாலும் கிளப் தனியே நிற்க முடியாது என்பதற்கு 2025ஐவிட வேறு சாட்சி வேண்டாம். 2010இல் 700 கோடி ரூபாய்க்குப் பதினைந்து ஆண்டுகளுக்குச் சம்மேளனம் எழுதிக்கொடுத்த வணிக உரிமை ஒப்பந்தம் முடியும் தறுவாயில், அடுத்து என்ன என்று யாருக்கும் தெளிவில்லாமல் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் மாதம் பெங்களூரு எஃப்சி தன் முதன்மை அணியின் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்துவதாக அறிவித்தது. சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. முதல் சீசனில் கோப்பை தூக்கிய, பன்னிரண்டு ஆண்டு ஒழுங்காக நடந்த கிளப்புக்கே இந்த நிலை. அப்போதும் இளையோர் அணிகளையும் பயிற்சிப் பள்ளிகளையும் தொடர்ந்து நடத்துவோம் என்று பெங்களூரு சொன்னது. அந்தக் கிளப்பின் மீது எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. புதிய கிளப்பின் முதல் சீசனை எடைபோட மூன்று விஷயங்கள் போதும். அதற்கென்று நீண்ட கால உரிமையோடு ஒரு மைதானம் இருக்கிறதா? முதல் பதினொருவரில் உள்ளூர்ப் பையன்கள் எத்தனை பேர், அவர்களுக்குப் பின்னால் இளையோர் அணி உண்டா? ஒரே ஒருவரின் பணம் நின்றுபோனால் மறு மாதம் சம்பளம் எங்கிருந்து வரும்? நேரடி நுழைவு கொடுக்கும்போது சம்மேளனம் முதலில் கட்டணத்தைப் பார்த்தது. இந்த மூன்றையும் கறாராகப் பார்த்திருந்தால் டெம்போ இறங்கியிருக்காது, புனேயில் இரண்டு கிளப்புகள் வந்த வேகத்தில் போயிருக்காது. தரமிறக்க விலக்கு என்ற சலுகையை இனி எந்த அணிக்கும் கொடுக்கக் கூடாது. தகுதியில்லாத அணியைக் காப்பாற்றும் விதி, தகுதியுள்ள இன்னோர் அணியைத் தண்டிக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து மறுபடியும் ஒரு கிளப் தேசிய லீகுக்குப் போகும். பையன்கள் இருக்கிறார்கள், ஊர்களும் இருக்கின்றன. அந்த நாள் வரும்போது அரசும் மாநகராட்சியும் மைதானத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் வாடகைக்குக் கொடுக்காமல், பத்தாண்டுக் குத்தகையாகக் கொடுக்கட்டும். ரசிகர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் சீசனில் அணி எட்டாம் இடத்தில் முடித்தால் கைவிட்டுவிடாதீர்கள், இரண்டாம் சீசனின் முதல் ஆட்டத்துக்கும் டிக்கெட் வாங்குங்கள்.